கடைசிப் பந்திக்குப் பாயசம்

ஆவணி 3, செவ்வாய்

இன்று முதல் ஆவுடையப்பனாகிய நான் வலைப்பூ எழுத்தாளன். கோவில்பட்டியில் இதற்கு முன் இந்தக் காரியத்தை யாரும் செய்ததில்லை. செய்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது.

விஷயம் இதுதான். தெற்குத் தெருவில் சுடலைமணி என்று ஒருவன். நான் பாத்திர வாடகைக் கடை வைத்திருப்பதைப் பார்த்துத் தானும் ஒன்று வைத்தவன். நாலு அண்டாவும் நெளிந்த கரண்டியும்தான் அவன் சொத்து. அவன் தன் கடையை இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டானாம். அவன் அண்டா எதற்கும் மூடி கிடையாது, அதற்குள் இன்டர்நெட்! என் கடை அப்படியா? டெல்லியிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் என் அண்டாவில் இருந்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, சாம்பாரை விட்டுவிட்டு அண்டாவைப் பற்றி விசாரித்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய பாதுகாப்பு முக்கியம்.

தங்கச்சி பிரமுவின் மகள் கோகிலா சாயங்காலம் வந்தாள். சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அப்பா இல்லாத பிள்ளை. அவளுக்கு உலகத்தில் தெரிந்ததெல்லாம் நான் சொல்லித் தெரிந்ததுதான்.

"மாமா, ஒரு வலைப்பூ ஆரம்பிச்சுத் தாரேன். துட்டு கிடையாது. வாரத்துக்கு ஒண்ணு எழுதுங்க. எத்தனை பேருக்கு எந்த அண்டா, பித்தளை எதுக்கு, எவர்சில்வர் எதுக்கு, இதெல்லாம் ஆளுக தேடிப் படிக்காக. படம் எடுத்துப் போடுங்க. ஒண்ணே ஒண்ணு, பார்த்ததை மட்டும் எழுதுங்க."

"பார்த்ததை மட்டும் எழுதுனா அது எழுத்தா, ஏட்டி? அது போலீஸ் ஸ்டேஷன் எழுத்துல்லா."

சிரித்தாள். என் வாயிலிருந்து எது வந்தாலும் சிரிக்கிற ரசிகை அவள் ஒருத்திதான். என் மனைவி கோமதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பெயர் வைக்க வேண்டும் என்றாள். 'அகில உலகப் பாத்திர வாடகைச் சக்கரவர்த்தி' என்றேன். நீளமாம். அவளாக ஒன்றைத் தட்டினாள்: 'கடைசிப் பந்தி'.

"உங்க பாத்திரத்துல வச்ச சாப்பாடு கடைசிப் பந்தி வரைக்கும் வரும்னு அர்த்தம் மாமா."

பரவாயில்லை. யோசித்தது நான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆவணி 4, புதன்

முதல் பதிவு போட்டேன். தலைப்பு: பாத்திரங்களின் தத்துவம். பேசினால் போதும், கைபேசியே எழுதிக்கொள்கிறது. பத்தாம் வகுப்பை நான் மூன்று முறை படித்தவன். ஒருமுறை படித்தவனைவிட மூன்று மடங்கு சரக்கு உள்ளே கிடக்கிறது. அதெல்லாம் வெளியே வந்தது.

ஒன்பது பேர் பார்த்ததாகக் காட்டியது. கோகிலாவிடம் சொன்னேன். "அதுல ஏழு தடவை நீங்கதான் மாமா" என்றாள். மீதி இரண்டு அமெரிக்காவாக இருக்கும்.

ஆவணி 8, ஞாயிறு

மற்றவர்கள் என்ன கிழிக்கிறார்கள் என்று பார்த்தேன். சேலத்தில் ஒரு அம்மாள் வத்தக்குழம்பு வைப்பதற்கு முன்னால் நாலு பக்கம் தன் பள்ளிக்கூடக் கதையைச் சொல்கிறாள். குழம்பு வருவதற்குள் எனக்குப் பசி போய்விட்டது. இன்னொருவன் ரோஜாச் செடி வளர்க்கச் சொல்லித் தருகிறான். படத்தில் செடி செத்துக் கிடக்கிறது. இவர்களுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் வாசகர்கள். நாட்டில் படிப்பு பெருகினால் இதுதான் நடக்கும்.

என் இரண்டாவது பதிவுக்கு (அலுமினியம்: ஒரு வரலாறு) நாலு பேர். சனங்களுக்குத் தரமான விஷயம் ஏறாது.

வெள்ளிக்கிழமை குத்தாலிங்கம் மகள் கல்யாணம். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறாரே, அவர்தான். பாத்திரம் முழுவதும் நம் கடையிலிருந்து. பெரிய அண்டாவை இறக்கினேன். அதற்கு நான் வைத்த பெயர் கும்பகர்ணன். மதுரைக்குத் தெற்கே இத்தனை பெரிய அண்டா கிடையாது. அடியில் ஊசிக்கண் மாதிரி ஒரு துளை. கோமதி அதைப் பார்த்துவிட்டாள்.

"பட்டறையில குடுத்து ஓட்டைக்குப் பத்து வச்சு வாங்குங்க. விசேச வீட்டுக்குப் போற பாத்திரம்."

"பத்து வைக்கிறவன் நாலு நாள் இழுப்பான். எனக்குத் தெரியாத பட்டறையா?"

பைப் ஒட்டுகிற பசை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்பிவிட்டேன். கப்பலையே அதில் ஒட்டலாம்.

ஆவணி 13, வெள்ளி

கல்யாணம். கோமதிக்கு முழங்கால் வலி, வரவில்லை. பிரமுவும் கோகிலாவும் வந்தார்கள். கோகிலா சும்மா இருக்க மாட்டாள். ஆள் போதவில்லை என்று அப்பள வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் இறங்கிவிட்டாள்.

நான் கடைசிப் பந்தியில்தான் உட்காருவேன். அதுதான் ஒரு வீட்டின் தரத்தை எடைபோடுகிற இடம். அவியல் மூன்று முறை வாங்கினேன், குறை கண்டுபிடிப்பதற்காக. கண்டுபிடிக்க முடியவில்லை. நாலாவது முறை கேட்பது மரியாதை இல்லை என்று விட்டேன்.

பாயசம் வரவில்லை.

அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரிசையில் எல்லோரும் அப்படித்தான், போட்டோ எடுக்க உட்கார்ந்த மாதிரி. உள்ளே ஏதோ தடதடப்பு. கடைசியில் குத்தாலிங்கம் ஒவ்வொரு இலைக்கும் முன்னால் வந்து கையைக் கூப்பினார். "மன்னிச்சிருங்க, பாயசம் தட்டிப்போச்சு. எப்படின்னே தெரியலை. ஊருக்கே காணுற மாதிரிதான் வச்சது." முகம் வெளுத்திருந்தது. வெளுத்து என்ன செய்ய? கூப்பின கையை அப்பளத்தோடு பிசைந்து சாப்பிட முடியுமா?

அவர் மனைவி செண்பகவல்லி சமையல்கட்டு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சபையில் எடுப்பான ஆள் நான்தான், பார்க்கத்தான் செய்வார்கள். பந்தி முடிந்து கை கழுவும்போது பக்கத்தில் வந்து, "அப்பளம் போட்ட பிள்ளை உங்க மருமகளா அண்ணாச்சி? என்ன நட்சத்திரம்?" என்று கேட்டாள். பாயசம் இல்லாத வீட்டில் நட்சத்திரம் ஒரு கேடு. "பிரமுகிட்டக் கேளுங்க" என்று வந்துவிட்டேன்.

ஆவணி 14, சனி

பாத்திரங்கள் திரும்பி வந்தன. கும்பகர்ணனின் அடிப்பாகம் பூராவும் பிசுபிசுப்பு. ஒரே எறும்பு.

"உள்ளதான எறும்பு மொய்க்கும், இது வெளியில மொய்க்கே" என்றாள் கோமதி.

எறும்புக்கு உள்ளே என்ன, வெளியே என்ன. இவளுக்குப் பொழுது போகவில்லை.

மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். எழுத எழுத எனக்கே பயமாக இருந்தது, அத்தனை திறமை. கடைப் பெயரையும் கைபேசி எண்ணையும் வலைப்பூவிலிருந்து எடுத்துவிட்டேன். பழைய பதிவுகளையும் எடுத்தேன். பெரிய எழுத்தாளர்கள் எல்லோரும் புனைபெயரில்தான் எழுதுகிறார்கள். என் புனைபெயர்: நாக்கு. பதிவை இந்த நோட்டில் பார்த்து எழுதி வைக்கிறேன், என் வரலாற்றை எழுதப் போகிறவனுக்கு உதவும்.

"கோவில்பட்டியில் ஒரு லாரி வீட்டுக் கல்யாணம். அவியலுக்குள் முருங்கைக்காய் இருக்கிறதா என்று தேடினேன். அவியலும் தேடிக்கொண்டிருந்தது. ரசத்தின் வழியாக இலை நரம்பை எண்ணலாம். கடைசிப் பந்திக்குப் பாயசம் வரவில்லை. எப்படி வரும்? சமையல்கட்டின் பின்வாசலில் லாரி நின்றது. பாயசம் அண்டாவோடு லாரியில் ஏறியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மேலே தார்ப்பாயைப் போட்டு இழுத்துக் கட்டினார்கள். விருந்தாளிக்குக் கும்பிடு, வீட்டுக்குப் பாயசம். இப்படிக்கு, நாக்கு."

பின்வாசலில் லாரி நின்றது உண்மை. வாழைமரம் கொண்டுவந்த லாரி. வாழைமரத்தை எழுதினால் எவன் படிப்பான்?

ஆவணி 16, திங்கள்

மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. இதில் நான் பார்த்தது நூறு இருந்தால் அதிகம்.

ஆவணி 19, வியாழன்

மூக்கையா டீக்கடையில் என் பதிவை ஒருவன் சத்தமாக வாசிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் போயிருக்கிறது. தூத்துக்குடியில்கூடப் பேசுகிறார்களாம்.

"யாருடே இந்த நாக்கு?"

"வெளியூர்க்காரனா இருப்பான். நம்ம ஊர்ல எவனுக்கு இப்படி எழுத வரும்?"

டீயைக் குடித்துவிட்டு எதுவும் பேசாமல் வந்தேன். அடக்கத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

குத்தாலிங்கம் ஆபீஸ் சுவரில் எவனோ கரியால் 'பாயச லாரி சர்வீஸ்' என்று எழுதியிருக்கிறான். கையெழுத்து கேவலம். ஆனால் கருத்து என்னுடையது.

ஆவணி 24, செவ்வாய்

பிரமு காலையிலேயே வந்துவிட்டாள். கையில் மல்லிகைப்பூ, கண்ணில் தண்ணீர். சந்தோஷமானாலும் அழுவாள், துக்கமானாலும் அழுவாள், விஷயம் தெரிய நாம் காத்திருக்க வேண்டும்.

"அண்ணே, கோகிலாவுக்கு இடம் வந்திருக்கு. அவுகளா கேட்டு வந்தாக. அன்னைக்குப் பந்தியில அப்பளம் போட்டதைப் பார்த்தே பிடிச்சுப்போச்சாம். பையன் அருணகிரி பூனாவுல இன்ஜினியர். இவளும் போன்ல ஒரு வாரமா பேசிட்டு, சரின்னுட்டா அண்ணே. எத்தனை இடத்தை வேண்டாம்னு சொன்ன பிள்ளை! இப்ப அவளா சரிங்கா."

"யாரு வீடு?"

"லாரி ஆபீஸ் குத்தாலிங்கம் அண்ணாச்சி வீடுதான்."

கோமதி என்னைப் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று தெரியவில்லை. பதிவைப் பற்றி அவளுக்கு நான் சொன்னதே இல்லை.

"அவ அப்பா இருந்தா அவுக பார்ப்பாக. இப்ப எல்லாம் நீதான்ணே. ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வாராக. நீதான் முன்னால நின்னு பேசணும்."

பேசுவேன். பேச்சில் என்ன குறை எனக்கு?

ஆவணி 26, வியாழன்

மழை வரும் போலிருந்தது. டீக்கடைக்குப் போகவில்லை.

ஆவணி 29, ஞாயிறு

வந்தார்கள். நான் பட்டு வேட்டியில் இருந்தேன். அருணகிரி உயரமான பையன், அதிகம் பேசாதவன். கோகிலா காப்பித் தட்டோடு வந்தபோது அவன் நிமிர்ந்து பார்த்தான், அவளும் பார்த்தாள். அந்த மட்டுக்கும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

குத்தாலிங்கம் இளைத்துவிட்டார். பிரமு வைத்த கேசரியைத் தொடவில்லை. செண்பகவல்லிதான் பேசினாள்.

"மூடி மறைக்க என்ன இருக்கு. எங்களுக்குப் பிள்ளையப் பிடிச்சிருக்கு. எம் மகனுக்கும் பிடிச்சிருக்கு. ஆனா எவனோ நாக்குன்னு ஒருத்தன் எழுதி வச்சிருக்கானே, படிச்சிருப்பீக. எம் மகள் போன வீட்டுல, நாத்தனார்க்காரி அதைத் தினமும் வாசிச்சுக் காட்டுதாளாம். அங்க பாயசம் வச்சா, 'ஒனக்குத்தான் லாரியில வருமே'ன்னு இவளுக்கு ஊத்துறதில்லையாம். புதுசாப் போன பிள்ளை, பாத்ரூமுக்குள்ள நின்னு போன் போட்டு அழுதுட்டு வைக்கா."

பிரமு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

குத்தாலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சாப்பிட வாங்கன்னு இனிமே எந்த வாயால கூப்பிட? ஊர்க்காரங்க முன்னால இன்னொரு பந்தி போட என்னால ஆகாது. அதான், இந்தக் கதை தெரியாத வெளியூர்ல ஒரு பொண்ணைப் பார்த்து, கோயில்ல வச்சுத் தாலியக் கட்டிக் கூட்டியாந்திரலாம்னு நினைக்கேன். இவதான், பிள்ளை முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருவோம்னா."

"அப்பா..." என்றான் பையன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

நான் முன்னால் நின்று பேச வேண்டிய இடம். "இன்டர்நெட்டுல எழுதுறவன் எல்லாம் காலிப்பயலுக. அதை நம்பலாமா?" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். குத்தாலிங்கம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

போகும்போது செண்பகவல்லி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க பெரிய அண்டா சுகமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

ஆளைச் சுகம் கேட்கத் தெரியாதவர்கள் அண்டாவைக் கேட்பார்கள். "நல்லா இருக்கு" என்றேன்.

ஆவணி 30, திங்கள்

கோகிலா கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமா, அந்த வலைப்பூவை ஆரம்பிச்சது நான். பாஸ்வேர்டு எனக்கும் தெரியும். வந்த அன்னைக்கே படிச்சுட்டேன்."

"அப்ப எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"பாயசம் லாரியில ஏறுனதைப் பார்த்தீகளா?"

"வரலைல்லா? வரலைன்னா எங்கயோ போயிருக்குன்னுதான அர்த்தம்."

அவள் கும்பகர்ணனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நான் யாருகிட்டயும் சொல்லலை. அருண்கிட்டக்கூட."

"ஏன், சொல்லேன். பயமா எனக்கு?"

"அப்பா இல்லை. மாமாவும் இல்லைன்னு ஆக்கிக்கிட்டா மணையில எனக்கு மாலை எடுத்துப் போட யாரு இருக்கா? அதான் சொல்லலை."

போய்விட்டாள். வசனம் நல்ல வசனம்தான். குரல் சரியில்லை, ஜலதோஷம் போலிருக்கிறது.

பதிவை அழித்துவிட்டேன். யாருக்காகவும் இல்லை. எனக்கே அலுத்துவிட்டது.

புரட்டாசி 2, வியாழன்

அழித்தது தப்பாகப் போய்விட்டது. டீக்கடையில் புதுக்கதை ஓடுகிறது. குத்தாலிங்கம் ஆள் வைத்து நாக்கை மிரட்டிவிட்டாராம். "உண்மை இல்லைன்னா ஏன் மிரட்டணும்?" என்று ஒரு மேதாவி கேட்க, எல்லோரும் தலையாட்டினார்கள். முன்பாவது லாரி. இப்போது லாரியோடு ரவுடியும் சேர்ந்துவிட்டது. நான் எழுதாததையெல்லாம் என் பெயரில் சேர்க்கிறார்கள், கற்பனை கொஞ்சமும் இல்லாத பயல்கள். வாட்ஸ்அப்பில் பழைய பதிவு அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை அழிக்க என்னால் முடியாதாம், கைபேசிக் கடைக்காரன் சொன்னான்.

பையனுக்கு ராஜபாளையத்தில் பெண் பார்க்கிறார்கள் என்று கோமதி சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

புரட்டாசி 4, சனி

கடையில் ஒரே தூசி. கும்பகர்ணனைக் கழுவலாம் என்று ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

தரை நனைந்தது.

பசை இருந்த இடத்தில் பசை இல்லை. சுண்டுவிரல் நுழைகிறது.

புரட்டாசி 5, ஞாயிறு

எழுதவில்லை. சாப்பிடவும் இல்லை, கோமதி வைத்த குழம்பு அப்படி.

புரட்டாசி 6, திங்கள்

குத்தாலிங்கம் பெயரைத் துடைப்பதற்கு ஒரே வழிதான். சனங்களுக்குத் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அவரை விட வேண்டுமென்றால் வேறு ஒருவனைக் கொடுக்க வேண்டும். யாரைக் கொடுப்பது? சுடலைமணியைக் கொடுக்கலாம் என்று காலையில் வெகுநேரம் யோசித்தேன். அழகாகப் பொருந்துகிற மூஞ்சி. ஆனால் கல்யாணத்துக்குப் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும்.

அப்புறம் ஒன்று தோன்றியது. ஆவுடையப்பனைத் திட்டும் தகுதி உள்ளவன் இந்த ஊரில் ஒரே ஒருவன்தான்.

கோகிலா சொன்னபடி படம் வேண்டும். அண்டாவைக் கவிழ்த்து எடுத்துப் பார்த்தேன். ஒற்றை ஓட்டை படத்தில் எடுபடவே இல்லை. இத்தனூண்டு ஓட்டையைப் பார்த்து எவனுக்குக் கோபம் வரும்? ஆணியும் சுத்தியலும் எடுத்தேன். முதல் அடியில் கும்பகர்ணன் கோயில் மணி மாதிரி சத்தம் போட்டான். கோமதி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். கேட்க வாய் திறந்தவள், ஆணியையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆறு அடித்து முடித்ததும் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மோரில் உப்பு சரியாக இருந்தது. இது எப்போதாவது நடக்கும்.

பதிவு:

"லாரியில் இருந்தது வாழைமரம். பாயசம் போன இடம் சாக்கடை. அனுப்பியவர் குத்தாலிங்கம் அல்ல, ஆவுடை பாத்திர வாடகைக் கடை முதலாளி ஆவுடையப்பன். பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதியவர். மூன்று முறையும் பத்தாம் வகுப்புதான் ஜெயித்தது. ஓட்டை அண்டாவைப் பட்டறைக்குக் கொடுக்கச் சோம்பல்பட்டு, பைப் ஒட்டுகிற பசையால் அடைத்துக் கொதிக்கிற பாயசத்துக்குக் கொடுத்த விஞ்ஞானி. ஓட்டை ஒன்றல்ல, ஏழு. படத்தைப் பாருங்கள். கல்யாண வீட்டார் ஊருக்கே காணும்படிதான் பாயசம் வைத்தார்கள். அது இந்த ஆளின் அண்டா வழியாகத் தரைக்குள் போனது. அதற்குப் பிறகும் கூசாமல் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து அவியலை மூன்று முறை வாங்கித் தின்றார். அவியலில் முருங்கைக்காய் இருந்தது. லாரி ஏறியதைப் பார்த்தேன் என்று நான் எழுதியது பொய். இந்த ஆளிடம் இனி யாரும் ஒரு டம்ளர்கூட வாடகைக்கு எடுக்க வேண்டாம். இப்படிக்கு, நாக்கு."

கடைப் படத்தையும் முகவரியையும் சேர்த்துப் போட்டேன். இதுவரை எழுதியதிலேயே இதுதான் உச்சம். என்னைத் திட்ட இவ்வளவு சரக்கு இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

புரட்டாசி 9, வியாழன்

முதல் பதிவைவிட இது வேகம். டீக்கடைக்குப் போனேன். போகாமல் இருந்தால் பயந்துவிட்டான் என்பார்கள். நான் நுழைந்ததும் சுடலைமணி ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி, அந்த ஏழு கண்ணு அண்டா வாடகைக்குக் கிடைக்குமா? இட்லி அவிக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். மூக்கையா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"ஆனா நாக்கு நல்லா எழுதுதான்லா?" என்றேன்.

"எழுத்து நெருப்பு அண்ணாச்சி" என்றான் சுடலைமணி. அவனிடமிருந்து ஒரு பாராட்டை வாங்குவதற்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது, அதையும் நான் என்று தெரியாமல்தான் கொடுக்கிறான்.

ஐப்பசிக்குப் பதிவாகியிருந்த கல்யாணங்கள் எல்லாம் அவன் கடைக்குப் போய்விட்டன. போகட்டும். மூடியில்லாத அண்டாவில் சமைத்து ஈ விழுந்து தெரிந்துகொள்ளட்டும்.

புரட்டாசி 13, திங்கள்

குத்தாலிங்கம் ஆபீஸ் வழியாகப் போனேன். சுவரில் கரியை அழித்து வெள்ளையடித்திருக்கிறார்கள். மூக்கையா உட்பட நாலைந்து பேர் உள்ளே நின்று, "நாங்க அப்பவே நம்பலை அண்ணாச்சி" என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். மானங்கெட்ட சனம். அவர் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். என்னைப் பார்த்தார், கூப்பிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

கோகிலாவிடமிருந்து பேச்சு இல்லை.

புரட்டாசி 17, வெள்ளி

பதிவுக்குக் கீழே இருநூறு பேருக்கு மேல் கருத்து எழுதியிருக்கிறார்கள். என் சாமர்த்தியத்துக்குப் பாதி வசவுகூட ஒருவனுக்கும் வரவில்லை. வாசித்துக்கொண்டே வந்தேன். இன்று காலை ஒன்று வந்திருக்கிறது. கோமதி என்ன என்று கேட்டாள், விளம்பரம் என்றேன். இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஓட்டை ஏழு இல்லை, ஒன்றுதான். மற்ற ஆறும் படத்திலேயே புதுசாக மின்னுகிறது. கல்யாணத்தன்றைக்கே அண்டாவைச் சாய்த்துப் பார்த்துவிட்டேன். அண்டாக்காரர் அப்போது கடைசிப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையில் கை வைத்திருக்கிற மனிதரைச் சபையில் வைத்துக் கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். பிறகு நாக்கு எழுதியதைப் படித்தபோது, கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது. என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண்ணை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. வாயைத் திறக்கிறாரா பார்ப்போம் என்றுதான் அண்டாவைச் சுகம் விசாரித்தேன். தாமதம்தான், ஆனாலும் திறந்தார். ஐப்பசி பிறக்கட்டும், நிச்சயத்துக்கு நாள் பார்க்கிறோம். விருந்து எங்கள் வீட்டில். — செண்பகவல்லி குத்தாலிங்கம்."

அழிக்கலாமா என்று பார்த்தேன். அழிக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அழிக்கவில்லை.

ஐப்பசி 10, ஞாயிறு

நிச்சயதார்த்தம் முடிந்தது. பந்தியை நாங்கள்தான் போடுவோம் என்று குத்தாலிங்கமே பிடிவாதமாக நின்று, ஊரையே அழைத்திருந்தார். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் "சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடித்து உள்ளே விட்டார். என் கையையும் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது. கோபமா, பாசமா என்று தெரியவில்லை, லாரி ஸ்டியரிங் பிடித்த கை. அவர் மகள் தன் மாமியார் வீட்டாரோடு வந்திருந்தாள். நாத்தனார்க்காரி வாயைத் திறக்கவில்லை.

பாத்திரம் சுடலைமணி கடைது. அண்டாவுக்கு இப்போதும் மூடி இல்லை.

தாம்பூலத் தட்டை நான்தான் வாங்கினேன். கோகிலா காலில் விழுந்து எழுந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகு, "மாமா, வேட்டி பின்னால தடுக்குது, ஏத்திக் கட்டுங்க" என்றாள். இதுதான் முதல் பேச்சு.

முதல் பந்திக்கு எழுந்தேன். செண்பகவல்லி மறித்தாள்.

"நீங்க கடைசிப் பந்திதான அண்ணாச்சி?"

உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பந்தி வந்தது. சாம்பார், ரசம், எல்லாம் வந்தன. அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பக்கத்து இலைக்காரன் என்னையும் அப்பளத்தையும் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டான். பாயச வாளியை அந்த அம்மாளே தூக்கிக்கொண்டு வந்தாள். என் இலையில் ஊற்றினாள். இன்னொரு கரண்டி ஊற்றினாள். இலை ஓரம் தாண்டி வேட்டிக்கு ஓடி வருகிற வரைக்கும் கரண்டியை நிறுத்தவில்லை.

"போதுமா அண்ணாச்சி?"

"போதும்" என்றேன்.

கை கழுவுகிற இடத்தில் கோகிலா நின்றுகொண்டிருந்தாள். "இதையும் எழுதப் போறீகளா மாமா?"

"நீதான பார்த்ததை மட்டும் எழுதச் சொன்ன, ஏட்டி."

வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். கடையின் பெயரைத் திரும்பப் போட்டேன், என் பெயரையும் போட்டேன். ஒரே வரி: "இன்று குத்தாலிங்கம் வீட்டு விருந்தில் கடைசிப் பந்திக்குப் பாயசம் வந்தது." இதுவரை ஆறு பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒன்று நான்.

சர்க்கரை ஒரு பிடி கூடுதல். முந்திரி கருகியிருந்தது. அது இந்த நோட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.